அட்டையின் பின்பக்கத்தை யார் எழுதுவது?

விளையாட்டாளர் படம் போட்ட அட்டைக்கு இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கத்தில் முகம். பின்பக்கத்தில் பெயர், பிறந்த ஊர், ஆடிய குழு, ஆடிய ஆண்டு, எடுத்த கணக்கு ஆகியவை பொடி எழுத்தில் இருக்கும். வாங்கி விற்பவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து விலை பேசுவார்கள். ஒரே குழுவின் அட்டைகளைப் பல பத்தாண்டுகளுக்குத் தேடிச் சேர்ப்பவர்களுக்கோ பின்பக்கம்தான் முக்கியம்.

நம் மாணவர்களில் பலர் இப்போது அட்டை சேர்க்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம்மவர்கள் ஆடிய குழுக்களுக்குப் படங்கள் இருக்கின்றன. பின்பக்கம் மட்டும் எழுதப்படவில்லை. அதை எழுத இன்றைய மாணவர்களால் முடியும். இன்னும் சில ஆண்டுகள் போனால் யாராலும் முடியாது.

நான் மலாக்கா, தங்கா பத்துவில் வளர்ந்தவன். மூன்றாம் படிவத்தில் இருந்தபோது நம் தேசியக் காற்பந்துக் குழுவின் படங்களைச் சேர்க்கத் தொடங்கினேன். நமக்கு ஆண்டுதோறும் தவறாமல் அட்டை அச்சிட்டுத் தரும் நிறுவனம் எதுவும் இல்லை. அதனால் நாளிதழ்ப் படங்கள், ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகங்கள், நுழைவுச் சீட்டுகள், ஒட்டுப்படங்கள் என்று கையில் கிடைத்ததைச் சேர்த்தேன். பிறகு அவற்றைக் கொண்டு நானே அட்டைகள் செய்யத் தொடங்கினேன். கெட்டித்தாளின் ஒரு பக்கத்தில் படத்தின் நகல், மறுபக்கத்தில் என் கையெழுத்தில் விவரம். படம் ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். பின்பக்கத்தை நிரப்பச் சில வேளைகளில் ஓராண்டு ஆகிறது.

அமெரிக்க அட்டைகள் சொல்லும் வரலாறு

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிகரெட் பொட்டலங்களுக்குள் ஆட்டக்காரர்களின் படங்களை வைத்து விற்றார்கள். பின்னர் சூயிங் கம் நிறுவனங்கள் அதைப் பிள்ளைகளிடம் கொண்டு சென்றன. நியூயார்க் நகரின் புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் நிறுவனம் 1952இல் 407 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. அவற்றின் பின்பக்கத்தில் ஆட்டக்காரரின் முந்திய ஆண்டுக் கணக்கும், அதுவரையிலான மொத்தக் கணக்கும் அச்சாகியிருந்தன. ஒவ்வோர் ஆண்டும் புதிய வரிசை வந்தது. பிடித்த குழுவின் அட்டைகளை ஆண்டுவாரியாக மேசையில் அடுக்கினால் அதுவே ஒரு வரலாற்று நூல்.

டாட்ஜர்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். 1957 வரை அது புரூக்ளின் டாட்ஜர்ஸ். 1958இல் நாட்டின் மறுகோடிக்குப் போய் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ஆனது. அட்டைகளை வரிசையாகப் பார்க்கும் சிறுவனுக்கு, ஒரு குழு ஊரை விட்டுப் போனது அந்தப் பெயர் மாற்றத்திலேயே தெரிந்துவிடும். அதே குழுவில்தான் 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். மேஜர் லீக் எனப்படும் முதல்நிலை லீக்கில் நவீன காலத்தில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். 1952 வரிசையில் 312ஆம் எண் அட்டை அவருடையது.

அவருக்கு முன் எத்தனையோ சிறந்த கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை முதல்நிலைக் குழுக்கள் சேர்த்துக்கொள்ளாததால் தங்களுக்கென்று தனி லீக்குகளில் ஆடினார்கள். அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஜோஷ் கிப்சன். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். வெள்ளையர் குழுக்களின் ஆட்டக்காரர்களுக்கு அமெரிக்காவில் ஆண்டுதோறும் அட்டை வந்துகொண்டிருந்த காலத்தில், கிப்சனுக்கு அப்படி ஒன்று வரவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கறுப்பினச் சமூகம் நடத்திய நாளேடுகளும் வார ஏடுகளும் அந்த ஆட்டங்களின் கணக்குகளை வெளியிட்டு வந்தன. பிட்ஸ்பர்க் கூரியர் அவற்றில் ஒன்று. ஆட்டத்தின் மேல் பற்றுள்ள ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பழைய இதழ்களைப் புரட்டி, ஒவ்வோர் ஆட்டமாகக் கணக்கைத் திரட்டினார்கள். 2024 மே மாதம் மேஜர் லீக் அந்தத் தனி லீக்குகளின் கணக்கைத் தன் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்த்தது. உடனே வாழ்நாள் பந்தடிச் சராசரியில் கிப்சன் .372 எடுத்து முதலிடத்துக்கு வந்தார். பல காலமாக அந்த இடத்தில் இருந்த டை காப்பின் சராசரி .367. இறந்து 77 ஆண்டுக்குப் பிறகு ஒருவருக்குரிய இடம் கிடைத்தது. காரணம், சிறிய இதழ்கள் அன்றே எழுதிவைத்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றைத் தேடி எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள்.

தமிழ் நாளிதழ் படிக்கும் வீடுகளில் பிறந்த நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

விலைக்காகச் சேர்ப்பது

அட்டை என்றதும் இன்று பலருக்குப் பணம்தான் நினைவுக்கு வருகிறது. அதே 1952 வரிசையில் ராபின்சனுக்கு முந்திய எண்ணில், 311ஆம் எண்ணில், இருப்பவர் மிக்கி மேன்டில். அவருடைய அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பொட்டலம் பொட்டலமாக அட்டை வாங்கும் மாணவர்களை எனக்குத் தெரியும்.

செய்தியின் மறுபாதியையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1952இல் அந்த வரிசையின் கடைசிப் பகுதி விற்காமல் தேங்கியது. அதை உருவாக்கிய சை பெர்கரே 1960இல் மிச்சமிருந்தவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்ட ஏற்பாடு செய்தார். கடலில் போனதால் கரையில் இருந்தவை அரிதாயின. பின்னாளில் இந்த விலையைக் கேள்விப்பட்டவர்கள் 1980களின் இறுதியில் அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சிட்டுத் தள்ளின. எல்லாரிடமும் எல்லாம் இருந்ததால் அவற்றில் பெரும்பாலானவை இன்று காசு பெறாது.

பிரித்துப் பார்த்தால்தான் என்ன இருக்கிறதென்று தெரியும் பொட்டலம், வாங்குபவரை அடுத்த பொட்டலத்துக்கு இழுப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதில் மாதக் கைச்செலவைப் போடுவது சேகரிப்பு ஆகாது. அது குலுக்கல் சீட்டுக்கு உடன்பிறப்பு.

உண்மையான சேகரிப்பாளர் எப்படி இருப்பார் என்பதற்கு அமெரிக்காவின் ஜெஃபர்சன் பர்டிக் சான்று. சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கி வந்தன. செல்வந்தர் அல்லர். அவர் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சு அட்டைகளைச் சேர்த்தார். அவற்றில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பேஸ்பால் அட்டைகள். எல்லாவற்றையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, பல ஆண்டுகள் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி வரிசைப்படுத்தினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். இரண்டு மாதத்தில் காலமானார். பழைய அட்டை வரிசைகளுக்கு அவர் கொடுத்த குறியீட்டு எண்களைத்தான் ஏல நிறுவனங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. அட்டைக்கு விலை வந்ததே, எது எந்த வரிசை என்று இந்தத் தொழிலாளி எழுதிவைத்ததால்தான்.

நம் குழுவின் அட்டைகள்

இப்போது நம் குழுவுக்கு வருவோம். ஹரிமாவ் மலாயாவுக்கு ஆண்டுக்கு ஓர் அட்டை இருந்திருந்தால் அவற்றின் பின்பக்கத்தில் என்ன இருக்கும்?

1972ஆம் ஆண்டு அட்டையில் மூனிக் ஒலிம்பிக் இருக்கும். மேற்கு ஜெர்மனியிடம் 0-3, அமெரிக்காவுக்கு எதிராக 3-0 வெற்றி, மொரோக்கோவிடம் 0-6. அந்தக் குழுவில் எம். சந்திரன் இருந்தார். நம் மலாக்காவின் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆனும் இருந்தார். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம். 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். வெற்றி கோலை அடித்தவர் சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியாவும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவே இல்லை.

2016இல் வெளிவந்த 'ஓலா போலா' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை ஓரளவு தெரியும். அதில் வரும் கோல் காவலர் முத்துவையும் தெரியும். ஆனால் 1980இல் உண்மையில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற ஆர். ஆறுமுகத்தைப் பற்றி எத்தனை மாணவர்கள் ஐந்து வரி சொல்வீர்கள்? சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்தவர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. திரைப்படம் என்பது முன்பக்கம். மனத்தைத் தொடும், நன்றாகவும் இருக்கும். பின்பக்கத்தை நாம்தான் தேடிப் படிக்க வேண்டும்.

அட்டைகளை மேலும் அடுக்கினால் 2009 வரும். கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த இளம் குழு வியந்தியானில் வியட்நாமை 1-0 என வென்று, 20 ஆண்டுக்குப் பிறகு சீ விளையாட்டுப் போட்டித் தங்கத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அவரே பயிற்றுநர். 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாகக் கைப்பற்றியது. ராஜகோபால் தாமும் தேசியக் குழுவுக்கு ஆடியவர். ஆட்டக்காரராக ஓர் அட்டை, பயிற்றுநராக ஓர் அட்டை என்று இரண்டையும் அருகருகே வைத்தால், ஒருவர் தாம் கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது கண்ணுக்குத் தெரியும். பல பத்தாண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதன் பயன் இதுதான். ஒரே ஆண்டின் அட்டையைப் பார்த்தால் வெற்றி தோல்வி தெரியும். நாற்பது ஆண்டு அட்டைகளைப் பார்த்தால் யாருக்குப் பின் யார் வந்தார், எப்போது நம் பெயர்கள் கூடின, எப்போது குறைந்தன என்பது தெரியும். ஏன் குறைந்தன என்ற கேள்வி தானாக எழும்.

பெயரில்லாத படங்கள்

தேசியக் குழுவுக்காவது நூலகங்களில் தகவல் கிடைக்கும். நம் ஊர்க் குழுக்களின் நிலை வேறு. மலாக்கா யுனைடெட் 2022 பருவம் வரை சூப்பர் லீக்கில் ஆடியது. 2023இல் அந்தப் பெயர் லீக் பட்டியலிலேயே இல்லை. நேற்று வரை நாம் கைதட்டிய குழுவுக்கே இந்த நிலை என்றால், தோட்டத்துக் குழுக்களின் கதி என்ன?

ஒரு காலத்தில் திடல் உள்ள தோட்டங்களில் குழுவும் இருந்தது. விடியற்காலையில் பால்மரம் சீவியவர்கள் மாலையில் காலணி இல்லாமல் பந்து உதைத்தார்கள். என் பெரியப்பா அப்படி ஆடியவர். அவரிடம் ஒரு குழுப்படம் இருந்தது. பதின்மூன்று பேர், நடுவில் ஒரு கிண்ணம். எந்த ஆண்டு, என்ன கிண்ணம் என்று எங்கும் எழுதவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது உட்கார்ந்து கேட்டதில் ஒன்பது பேரின் பெயர் கிடைத்தது. அவர் காலமான பிறகு, அதே லயத்தில் குடியிருந்த பாட்டி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். இன்னும் இருவரைச் சொன்னார். அதுவும் பட்டப்பெயர்தான், அடையாள அட்டையில் இருக்கும் பெயர் அவருக்கும் தெரியவில்லை. மீதி இருவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அவர்களுக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். தங்கள் தாத்தா ஒரு கிண்ணம் வென்றவர் என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, திடல்கள் தாமான்களாக மாறிவிட்டன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய படங்கள்தாம். மகளிர் குழுக்களின் நிலை இன்னும் மோசம். பள்ளியிலும் தோட்டத்திலும் வலைப்பந்து ஆடிய நம் அம்மாக்களின் படங்கள் எத்தனை வீடுகளில் பெயரோடு இருக்கின்றன?

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியோடு நின்றுபோனது. நம் ஆட்டக்காரர்களின் பெயரை நம் எழுத்தில் அச்சிட்ட நாளிதழ் அது. ரோமன் எழுத்தில் ஒரே பெயரை ஐந்து விதமாக எழுதுவார்கள். லகரமா ளகரமா என்று தெரியாது. தமிழ் நாளிதழைப் பார்த்தால்தான் பெயர் சரியாகத் தெரியும். அந்தக் கத்தரிப்புகள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள்.

எப்படித் தொடங்குவது?

முதலில் ஒரே ஒரு குழுவைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேசியக் குழு, மாநிலக் குழு, உங்கள் பள்ளிக் குழு, தாத்தாவின் தோட்டக் குழு, எதுவானாலும் சரி. பலவற்றைத் தொட்டால் எதுவும் முழுமை பெறாது.

படம் கிடைத்தால் உரியவரிடமே இருக்கட்டும். அனுமதி கேட்டுத் திறன்பேசியில் முன்னும் பின்னும் நகல் எடுங்கள். படத்தின் பின்னால் மங்கிய பென்சில் எழுத்து இருக்கலாம், படம்பிடித்தவர் கடையின் முத்திரை இருக்கலாம். ஊரையும் காலத்தையும் கண்டுபிடிக்க அந்த முத்திரையே சில சமயம் போதும். பழைய படத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். இரண்டும் தாளைக் கெடுத்துவிடும்.

பெயர்களை இடமிருந்து வலமாக வரிசைப்படி எழுதுங்கள். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் கீழே குறியுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தைப் பெயராக எழுதிவிட்டால் அடுத்தவர் அதையே உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

பிறகு சரிபாருங்கள். பெரியவர்கள் ஆட்டத்தை மறக்க மாட்டார்கள், ஆண்டை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' என்ற பெயரில் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் மலாயா காலத்துச் செய்திகளும் 'தமிழ் முரசு' இதழ்களும் உண்டு. கணிசமான பகுதியை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். கோலாலம்பூரில் தேசிய நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் அங்கு ஒரு நாள் செலவிடலாம்.

'தேர்வு இருக்கும்போது இதெல்லாம் தேவையா?' என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு அரைமணி நேரம் போதும், தேர்வு மாதத்தில் அதுவும் வேண்டாம். 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம். அந்தப் பாடத்தை மனப்பாடச் சுமையாகவே நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒரு படத்தின் ஆண்டைக் கண்டுபிடிக்க மூன்று ஆதாரங்களை ஒப்பிட்டுப் பார்த்த மாணவருக்கு, வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'எல்லாம் இணையத்தில் இருக்கிறதே' என்பது இன்னொரு மறுப்பு. யாராவது ஏற்றியது மட்டுமே இணையத்தில் இருக்கும். உங்கள் தாத்தாவின் குழுவை நீங்கள் ஏற்றாமல் வேறு யார் ஏற்றுவார்? குடும்பப் புலனக் குழுவில் ஒரு பழைய படம் வந்தால் இதயச் சின்னம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். 'இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் யார், சித்தப்பா?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஓர் அட்டையின் பின்பக்கம் தொடங்கிவிடும்.

அடுத்த பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது ஒரு பென்சிலும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு படத்தில் ஒருவரின் பெயரையாவது எழுதிக்கொண்டு திரும்புங்கள். ஏலத்தில் அதற்கு யாரும் விலை கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரியவரின் பேரப்பிள்ளை ஒருநாள் தேடி வந்து கேட்டால், உங்களிடம் பதில் இருக்கும்.